பாஸ் 302-ஆ, இசட்/28-ஆ?

மிச்சிகனில் இருக்கிற எங்கள் பங்காளி வீட்டு அண்ணன் பழைய கார் வாங்கப் போகிறார். 1969 ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302, அதே வருஷத்து செவர்லே கமாரோ இசட்/28, இரண்டில் எது என்று வாட்ஸாப்பில் கேட்டிருந்தார். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) சத்தத்தை வீடியோவில் மட்டுமே கேட்டிருக்கிற என்னிடம்! ஆனால் கேட்டுவிட்டாரே, விடுவேனா.

வேகத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டுமே டிரான்ஸ்-ஆம் என்கிற அமெரிக்க கார் பந்தயத்துக்காகப் பிறந்தவை. அதில் எஞ்சின் 5 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, ஓட்டுகிற காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். செவர்லே தன் 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைப் போட்டு 302 கன அங்குலம் (5 லிட்டருக்குள்) ஆக்கியது. ஃபோர்டும் 302. போர், அதாவது சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம் 3 அங்குலம், இரண்டிலும் அச்சு அசல் அதேதான். விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறனும் 290 தான், ரெண்டு பேரும் குறைத்துச் சொன்னார்கள் என்பது வேறு கதை. பாஸில் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்கார்வது) வேறு, ஃபோர்டின் கிளீவ்லேண்ட் என்கிற இன்னொரு எஞ்சினுக்கு வடிவமைத்தது, வால்வுகள் ரொம்பப் பெரிசு. அதனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் கீழ் ஆர்பிஎம்மில் சோம்பல், மேலே போனால்தான் விழித்துக்கொள்ளும். கமாரோவும் இந்த விஷயத்தில் ஒன்றும் சாது இல்லை. பந்தயத்தில் 1968, 69 பட்டம் கமாரோவுக்கு, மார்க் டொனஹியூ ஓட்டினார். 1970-இல் பார்னெலி ஜோன்ஸை வைத்துக்கொண்டு ஃபோர்டு பட்டத்தைப் பிடுங்கியது.

சேகரிப்பு என்று வந்தால்தான் விஷயமே இருக்கிறது. 1969-இல் பாஸ் 1,628 தான் செய்தார்கள், இசட்/28 இருபதாயிரத்துக்கும் மேல். ஆனால் எனக்கு எண்ணிக்கையைவிட வின் நம்பர், அதாவது ஒவ்வொரு காருக்கும் கம்பெனி கொடுக்கிற அடையாள எண்தான் முக்கியம். பாஸின் வின்னில் ஐந்தாவது எழுத்து ஜி, அது அந்த எஞ்சினைத்தான் குறிக்கும். கமாரோ வின்னில் வி8 என்பது வரைக்கும்தான் தெரியும், இசட்/28 என்று எங்கேயும் இருக்காது. சாதாரண கமாரோவுக்குக் கோடு அடித்து, பட்டை ஒட்டி, எஞ்சினில் இசட்/28-க்கு உரிய டிஇசட் என்ற முத்திரையும் குத்திவிட்டால் யார் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வாசல் நிலை வாங்கப் போனால் முன்பக்கத்துச் செதுக்கலைப் பார்த்து மயங்காமல் பின்பக்கம் திருப்பி உளித் தடம் தேடுவோம் இல்லையா, அந்தக் கண் இங்கேயும் வேண்டும்.

அதனால் வைத்திருந்து விற்க பாஸ், ஞாயிற்றுக்கிழமை ஓட்ட கமாரோ என்று சொல்லிவிட்டேன். ஸ்மால் பிளாக் எனப்படும் கமாரோவின் செவர்லே எஞ்சின் வகைக்கு உதிரிபாகம் அங்கே எங்கும் கிடைக்கும். பாஸின் ஹெட் மாதிரி சாமான் தேட அலைச்சலும் செலவும் ஜாஸ்தி. பாஸில் ஆரம்பகாலப் பிஸ்டன்கள் விரிசல் விடும், மாற்றியாச்சா என்று கேட்க வேண்டும். கமாரோ என்றால் வாரண்டிப் புத்தகத்தோடு கொடுத்த அந்தச் சின்ன உலோகத் தகட்டையும் பழைய பில்லையும் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் என்று ஒரு டாலர்கூட நீட்ட வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.