மஞ்சப்பையில் ‘மீண்டும் வருக’: வீட்டிலேயே ஸ்கிரீன் பிரின்டிங்

அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலப் பை நானே அச்சடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஸ்கிரீன் பிரின்டிங் இப்போது குடும்ப மானத்தைக் காக்கும் வேலையாகிவிட்டது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் எழுத்தை மட்டும் திறப்பாக விட்டு, அதன் வழியே மையைத் துணியில் இறக்குவதுதான் இந்த வேலை; அந்த வலைச் சட்டம்தான் ஸ்கிரீன். இதுவரை ஆனதை எழுதி வைக்கிறேன்.

சாமான்கள் எல்லாம் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் கிடைத்தன. “எதில் அடிக்கப் போகிறீர்கள் தம்பி, கார்டிலா, துணியிலா?” என்று கேட்ட பிறகுதான் கடைக்காரர் ஸ்கிரீனை எடுத்தார். துணிப்பைக்கு 43 டி வலை போதும்; சென்டிமீட்டருக்கு 43 இழை, அங்குலக் கணக்கில் சுமார் 110. அழைப்பிதழ்க் கார்டின் மெல்லிய எழுத்துக்கு 120 டி போல நெருக்கமான வலை வேண்டும். அதில் துணிக்கான மை ஒழுங்காக இறங்காது. வலையில் பூசும், வெளிச்சம் பட்டால் இறுகும் மருந்தில், பைக்ரோமேட் கலக்கும் பழைய வகை மலிவு என்றார். வேண்டாம் என்றேன். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஸ்கிரீனைக் கழுவும் தண்ணீரோ நம் வீட்டுச் சாக்கடையில்தான் போகும். விலை கூடினாலும் டயசோ கலக்கும் மருந்தே (எமல்ஷன் என்பார்கள்) வாங்கினேன்.

எமல்ஷனை வலையின் இரு பக்கமும் மெல்லியதாக இழுத்து, இருட்டில் காயவைக்க வேண்டும். சென்னையில் இதுதான் பெரிய சோதனை. இருட்டறை என்றதும் எல்லோரும் குளியலறையைக் காட்டுகிறார்கள். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அப்புறம் எத்தனை வெயில் காட்டினாலும் சரியாக இறுகாமல் கழுவும்போது வழிந்துவிடும். ஏ.சி. ஓடும் படுக்கையறையில், இரவு முழுக்கக் கட்டிலுக்கு அடியில், பை படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்ததில்தான் நன்றாகக் காய்ந்தது.

வெளிச்சம் காட்ட விளக்கு வாங்கவில்லை, மொட்டை மாடி இருக்கிறதே. பிலிமில் கறுப்பாக அச்சிட்ட எழுத்து வெயிலை மறைக்கும் இடம் மட்டும் இறுகாமல், கழுவும்போது திறந்துகொள்ளும். லேசர் அச்சின் கறுப்பு போதாது என்பதால் இரண்டு பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அச்சுப் பக்கம் எமல்ஷனைத் தொடும்படி குப்புற வைத்து, மேலே கண்ணாடி. எவ்வளவு நேரம் என்பதை யாரும் சொல்லித் தர முடியாது. மேகத்துக்கு மேகம் மாறும். ஆகவே ‘மீண்டும் வருக’ என்பதையே வரிசையாக அடுக்கி, மேலே ஓர் அட்டையால் மூடி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அதை நகர்த்தி, ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு வெயில் கொடுத்தேன். கழுவிப் பார்த்தால் குறைந்த வெயில் பட்ட வரி கொழகொழவென்று போய்விட்டது. அதிக வெயில் பட்ட வரியில் முதலில் அடைபட்டவை புள்ளிகள்தாம். ண், ம் இரண்டும் புள்ளியிழந்து ‘மீணடும வருக’ என்று நின்றன. வெள்ளை வலையின் இழைகள் ஒளியைச் சிதறடித்துப் பிலிமின் விளிம்புக்கு அடியிலும் அனுப்புவதால், சின்னத் திறப்புகள்தாம் முதலில் இறுகுகின்றன. நடுவில் இருந்த ஒரு வரி சுத்தமாகத் திறந்திருந்தது. அந்த நேரத்தையே வைத்துக்கொண்டேன். புள்ளிகளையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஒல்லியான கணினி எழுத்துருக்கள் திரையில் அழகாக இருக்கலாம், துணியில் தமிழுக்கு உதவாது.

அச்சடிக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மை வலையிலேயே உலர்ந்து வலைக்கண்களை அடைத்துவிடும். வியர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் துண்டு. பைகளில் கஞ்சி இருந்ததால் முன்பே அலசிக் காயவைத்திருந்தேன். சட்டத்தின் மூலைகளில் இரண்டிரண்டு ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் வலைக்கும் துணிக்கும் இடையே சுமார் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. மை கெட்டித் தயிர் பதத்தில் இருந்தது. மையை வழித்துத் தள்ளும் ரப்பர் விளிம்புப் பட்டையான ஸ்குவீஜியைச் சாய்த்து ஒரே இழுப்பு. பின்னால் வலை துணியை விட்டுச் சட்டெனப் பிரியும் ஓசை கேட்டால் எழுத்து கூர்மையாக விழுந்திருக்கும். இழுத்தவுடன் சட்டத்தைத் தூக்கி மையை வலைமேல் திரும்பப் பரப்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்கக் கூடாது. நீலம் மஞ்சள் துணியில் பச்சையடித்தது. அரக்கு நன்றாக எடுபட்டது.

மை துணியில் நிலைக்கச் சூடு வேண்டும். 150 டிகிரி அளவில் சில நிமிடங்கள் என்று டப்பாவில் இருக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சூடு ஏறி இறங்குகிறது. தெருமுனைத் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரிடம் எடுத்துப் போனேன். மேலே பட்டர் பேப்பர் போட்டு நிதானமாக அழுத்தினார். “எழுத்து பெட்டியில் ஒட்டினால் அடுத்த சட்டைக்குச் சொந்தக்காரர் என்னைத்தான் பிடிப்பார் சார்” என்றார். ஒட்டவில்லை. அவர் தேய்த்த பையையும் தேய்க்காத பையையும் சோப்புத் தண்ணீரில் ஒன்றாக ஊறவைத்துக் கசக்கினேன். தேய்க்காததில் நிறம் பாதி போயிற்று, தேய்த்தது அப்படியே இருக்கிறது.

அத்தை இப்போது எழுத்துக்கு மேலே பச்சையில் ஒரு பிள்ளையாரும் வேண்டும் என்கிறார். இன்னொரு நிறம் என்றால் இன்னொரு ஸ்கிரீன், இரண்டும் பையில் ஒரே இடத்தில் விழப் பலகையும் கீலும் வேண்டும். ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.