பலா மரத்தடியில் வந்தவர்கள்

திருவட்டாரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் முடிகிற இடத்தில் ரப்பர் தோட்டம் தொடங்குகிறது. எல்லையில் ஒரு பலா. பருவத்தில் விழுகிற சக்கை (பலாப்பழத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்) முழுவதையும் தின்று தீர்க்க ஆளில்லை. போன மாதம் விடியுமுன் பின்கதவைத் திறந்தால், விழுந்து கிடந்த சக்கையில் முகம் புதைத்தபடி இரண்டு உருவங்கள். விளக்கைப் போட்டதும் ஒன்று நிமிர்ந்தது, வாயில் சுளையோடு. பிறகு இரண்டும் அவசரமே இல்லாமல் ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டன.

குள்ளநரி என்று ஊரெல்லாம் சொன்னேன். நரி முகத்தில் விழித்த எனக்கு அன்று தையல்கூலி பாக்கி எல்லாம் வந்து சேரும் என்றார் மாமி. ஒரு ரூபாய் வரவில்லை. குவைத்தில் இருக்கும் மகன் ஒரு படம் அனுப்பி, இதுதானா என்று கேட்டான். செக்கச்செவேலென்ற உடம்பு, வால் நுனியில் வெள்ளை. அது செந்நரி, இமயமலையிலும் ராஜஸ்தான் பக்கமும் இருப்பது. சக்கை தின்ன இவ்வளவு தூரம் வராது.

மறுநாள் மழை. துவைகல்லைச் சுற்றியிருந்த சேற்றில் தடங்கள் பதிந்திருந்தன. நாய்த் தடம் என்றார் பால்வெட்ட வந்த அண்ணன். நான் தையல் டேப்பை எடுத்து வந்தேன். இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். குள்ளநரி மூன்று கிலோ சுமார்தான் இருக்கும், அதற்கு இவ்வளவு பெரிய பாதம் ஏது? பக்கத்திலேயே எங்கள் நாய் மணியின் தடமும் இருந்தது. அதில் நான்கு விரலும் தனித்தனி. இதிலோ நடு விரல்கள் இரண்டும் அடிப்பக்கம் சேர்த்துத் தைத்ததுபோல் ஒட்டியிருந்தன. அது நரியின் அடையாளம். நரி வேறு, குள்ளநரி வேறு. வாலையும் அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். குள்ளநரிக்கு உடம்பில் பாதிக்கு மேல் நீண்ட வால். நான் பார்த்தது குட்டை. அந்தியில் ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்துகொள்ளும் ஊளையும் நரியுடையதுதான். குள்ளநரிக்கு வறண்ட வெட்டவெளியும் புல்லும் புதரும் வேண்டும். எங்கள் ரப்பர் நிழலில் அதற்கு என்ன வேலை? பார்த்த நரியையெல்லாம் குள்ளநரி ஆக்கியது நம் நாக்குதான்.

மாமி இன்னும் குள்ளநரி என்றுதான் சொல்கிறார். விட்டுவிட்டேன்.

போன வாரம் கூட்டிலிருந்து ஒரு பெட்டைக்கோழி போயிற்று. பக்கத்து வீட்டு அண்ணன் விஷம் வைக்கலாம் என்று கிளம்பிவிட்டார். 2022 திருத்தத்துக்குப் பிறகு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நரி இருக்கிறது, ஜெயிலுக்குப் போவீர்கள் என்று தடுத்துவிட்டு டேப்போடு கூட்டடிக்குப் போனேன். ஈரமண்ணில் தடம் தெளிவாக இருந்தது. எண்ணினேன். ஐந்து விரல். நரிக்குத் தரையில் பதிவது நான்குதான்.

மரநாய். கூட்டின் மேல்தகடு ஒருபக்கம் தூக்கியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.