கடைசலும் இரண்டு தண்ணீரும்

எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கடைசல்தான். கத்திரிக்காய்க் கடைசல், தக்காளிக் கடைசல், புளிச்ச கீரைக் கடைசல், மழைக்காலம் வந்தால் கொள்ளுக் கடைசல். வேலூர் என்று சொன்னதும் வெளியூர் ஆட்கள் பிரியாணியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பிரியாணி ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். மற்ற நாட்களில் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்த்தாலும் மத்து பட்ட ஏதோ ஒன்று இருக்கும்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி. விடிகாலையில் கம்பெனி பஸ் வந்துவிடும், அதற்குள் டிபன் கேரியர் கட்டியாக வேண்டும். இதற்கு நடுவில் என்ன பெரிய சமையல் ஆராய்ச்சி என்று கேட்கலாம். புதுப்புதுப் பலகாரம் செய்து பார்ப்பதில் எனக்கு ஆசை கிடையாது. தினம் செய்கிற ஒன்று ஒரு நாள் அமிர்தமாகவும் மறுநாள் சப்பென்றும் ஏன் ஆகிறது என்பதில்தான் எனக்கு அரிப்பு. தையலிலும் அப்படித்தான். ஒரே அளவு, ஒரே துணி, ஒன்று உட்காரும், இன்னொன்று தூக்கும்.

முதலில் காய். எங்கள் பக்கத்து முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியில் விளைவதுதான் பேர் போனது. காம்பிலும் காம்பைச் சுற்றிய தொப்பியிலும் முள். உழவர் சந்தையில் அவசரமாகப் பொறுக்கினால் விரலில் ஏறிவிடும், ஊசி பிடிக்கிற கைக்கு அது பெரிய தொந்தரவு. ஆனாலும் நான் முள்ளைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். விறைப்பாகக் குத்தினால் காலையில் பறித்த காய். வளைந்து கொடுத்தால் நேற்றோ அதற்கு முந்தின நாளோ. குறியீடு வந்த பிறகு எந்த முள் காயைக் கேட்டாலும் "இலவம்பாடிக்கா" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விற்கிறவரைச் சொல்லிக் குற்றமில்லை, வாங்குகிறவர்கள் அப்படிக் கேட்கிறார்கள்.

எங்கள் ஆயா ஒடுகத்தூர் பக்கம். அவர் கடைசல் வைக்கிற முறை இது. ஒரு கைப்பிடி துவரம்பருப்பை மஞ்சள் போட்டு முக்கால் பதம் வேகவிடுவார். அப்புறம்தான் நறுக்கிய கத்திரிக்காய், சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய். காய் குழையும் நேரத்தில் தக்காளி. எல்லாம் வெந்ததும் தண்ணீரைத் தனியாக இறுத்து வைத்துக்கொண்டு, உப்புப் போட்டு மத்தால் கடைந்து, இறுத்த தண்ணீரைத் தேவைக்கு ஊற்றுவார். கடைசியில் வடகம் தாளிப்பு. "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வேகவெச்சா இன்னா ஆயா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வேகாது, போடி" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

விளக்கம் கிடைத்தது பின்வீட்டு அக்காவால். நான் கொடுத்தனுப்பிய கடைசலைச் சாப்பிட்டுவிட்டுப் பக்குவம் கேட்டார், சொன்னேன். இரண்டு நாள் கழித்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னாடி சொன்னே நீ, பருப்பு தனியா நிக்குது, காய் தனியா நிக்குது" என்றார். நான் பருப்பு வாங்குகிற கடையில்தான் அவரும் வாங்குகிறார். குக்கரும் அதே அளவு. நான் அவர் அடுப்படிக்கே போய்ப் பார்த்தேன். மூலையில் ஒரு அண்டா, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவு. போர் தண்ணீர். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சமையலுக்கு முழுக்க போர் தண்ணீர்தான் புழங்குகிறார். எங்கள் ஊர் பாறை நிலம், பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும், போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துணி துவைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். பருப்போடு சேர்த்து யோசித்ததில்லை.

அன்றைக்கே செய்து பார்த்தேன். மூன்று கிண்ணம். ஒவ்வொன்றிலும் 50 கிராம் துவரம்பருப்பு, 150 மில்லி தண்ணீர். ஒன்றில் காவிரித் தண்ணீர். இரண்டாவதில் அக்கா வீட்டு போர் தண்ணீர். மூன்றாவதில் காவிரித் தண்ணீரோடு ஒரு தக்காளி நறுக்கிப் போட்டது. மூன்றையும் ஒரே குக்கரில் வைத்து ஒரே நேரம் இறக்கினேன். முதல் கிண்ணத்துப் பருப்பு கரண்டி பட்டதும் கரைந்தது. போர் தண்ணீர்ப் பருப்பு தட்டையாக, முழுசாக, பார்க்க அழகாக நின்றது. விரலால் நசுக்கினால் உள்ளே மாவு மாவாக இருந்தது. தக்காளிக் கிண்ணம் இரண்டுக்கும் நடுவில்.

காரணம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். கடின நீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டினைப் பிடித்து இன்னும் இறுக்கிவிடுகின்றன. புளிப்பும் அதைக் கரையவிடாது. ஆயா முக்கால் பதத்துக்கு அப்புறம் தக்காளி போட்டதன் கணக்கு இதுதான். பருப்பு வேகாவிட்டால் சோடா உப்பு போடுவார்கள், வெந்தும் விடும். ஆனால் பருப்பில் இருக்கிற பி1 வைட்டமின் அழிந்துபோகும், வாயில் ஒரு சோப்பு வாடையும் தங்கும். எனக்கு அது பிடிக்காது. விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விடுகிற வழக்கம் இருக்கிறது, அது நுரை பொங்காமல் இருக்க உதவும், கடின நீரை ஒன்றும் செய்யாது.

போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். அசைக்காமல் தெளிவை மட்டும் இறுத்து, அதில் பருப்பை இரவே ஊறவையுங்கள். முழுசாகத் தீராது, கடின உப்புகளில் கொதிக்கவைத்தாலும் போகாத ரகமும் உண்டு. ஆனால் வித்தியாசம் தெரியும். அக்கா இப்போது பருப்புக்கென்று ஒரு சொம்பு காவிரித் தண்ணீர் எடுத்து வைக்கிறார். எங்கள் அத்தைக்குத்தான் இந்தக் கிண்ணச் சோதனை எல்லாம் வேடிக்கை. "கேஸ் இன்னா வெலை விக்குது, மூணு கிண்ணம் வெச்சு வெளையாடறியே" என்றார். மூன்றையும் ஒன்றாகக் கொட்டி மதியத்துக்கு சாம்பார் வைத்துவிட்டேன் என்றதும்தான் சமாதானம் ஆனார்.

மத்து விஷயத்தில் மட்டும் அத்தையும் நானும் ஒரே கட்சி. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் வேலை முடிந்தது என்பார்கள். முடியும்தான். ஆனால் கத்தி சுற்றுகிற வேகத்தில் காற்று ஏறி கடைசல் வெளுத்துப்போகும், விதை உடைந்து கசப்பு தட்டும், நாக்கில் பசை மாதிரி ஒட்டும். மத்தில் விதை முழுசாகவே இருக்கும். அங்கங்கே நசுங்காத ஒரு பூண்டுப் பல் வாயில் அகப்பட வேண்டும். அதற்காகவே நான் பூண்டை நறுக்குவதில்லை.

அப்புறம் வடகம். இது இல்லாவிட்டால் நான் கடைசலே வைக்கமாட்டேன், கடுகு உளுந்து தாளிப்பில் ஒப்பேற்ற மனசு வராது. வேலூர் வெயிலை எல்லோரும் திட்டுகிறார்கள். வடகம் போடுகிறவள் திட்டமாட்டாள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, கல்லுப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து மூடிவைக்க வேண்டும். மறுநாளிலிருந்து காலையில் உதிர்த்துக் காயவைப்பது, சாயங்காலம் அள்ளிப் பிசைந்து உருட்டுவது. கல் மாதிரி ஆகும் வரை இதே வேலை. மாடியில் காய்கிற நாட்களில் தெருவுக்கே வாசனை போகும், பக்கத்தில் துணி காயப்போட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வருஷம் முழுக்க ஓர் உருண்டையில் பாதி கிள்ளி எண்ணெயில் போட்டால் போதும், அதே ஆட்கள் கிண்ணத்தோடு வருவார்கள்.

மாடி வீட்டு பாயம்மாவோடு எனக்கு நல்ல பண்டமாற்று. அவர் பூர்வீகம் ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, மிளகாய்த்தூளுக்குப் பதில் வரமிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, அதுதான் அவர் பிரியாணி. அந்தச் சிவப்புக்கும் நிதானமான காரத்துக்கும் விழுதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வார். கூடவே கத்திரிக்காய்ப் பச்சடி, புளியும் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து ஊற்றி எண்ணெய் மிதக்க மிதக்க. ஒரு நாள் சந்தையிலிருந்து நல்ல முள்ளு கத்திரிக்காயாக ஒரு கிலோ வாங்கி அவரிடம் பெருமையாகக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, "தங்கச்சி, அது நல்ல காய்தான், ஆனா பச்சடிக்கு ஆவாது. குழைஞ்சி போவுது, துண்டு நிக்கல. எனக்கு அந்தச் சின்ன ஊதாக் காய்தான் வேணும்" என்றார். கடைசலில் நான் தேடித் தேடி வாங்குகிற குணமே பச்சடியில் குறை. அதிலிருந்து அவருக்கு ஊதாக் காய், எனக்கு முள் காய் என்று சந்தைப் பையைப் பிரித்தே கொண்டுவருகிறேன்.

கடைசலுக்குச் சோறு பரவாயில்லை, களிதான் ஜோடி. நொய்யை முதலில் குழைய வேகவிட்டு, மேலே கேழ்வரகு மாவைக் குவித்து, நடுவில் துடுப்பால் குத்தி ஓட்டை போட்டு, மூடி, சின்னத் தீயில் விடவேண்டும். மாவு ஆவியில் வெந்த வாசனை வந்ததும் கட்டி இல்லாமல் கிண்டி, ஈரக் கையால் தொட்டுப் பார்த்து ஒட்டாவிட்டால் உருட்டலாம். ஒரு டம்ளர் மாவுக்குக் கால் டம்ளர் நொய், மூன்று டம்ளர் தண்ணீர் என் கணக்கு. மாவு புதுசா பழசா என்று பார்த்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். இந்தத் தண்ணீர் போர் தண்ணீராக இருந்தாலும் களிக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, அதையும் பார்த்துவிட்டேன்.

பிள்ளைகள் மட்டும் களி உருண்டையைப் பார்த்ததும் ஓடுவார்கள். மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டுவைத்துக் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பது எங்கள் பழக்கம், அதையும் தொடமாட்டார்கள். ஆறின களி இறுகிவிடுகிறதே என்று ஒரு ராத்திரி அதைத் தட்டில் பரப்பி அழுத்தி வைத்தேன். காலையில் சோமாஸ் கத்தியால் துண்டு போட்டு, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, வடகத்தைப் பொடித்துத் தூவி இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுட்டேன். தட்டு காலி. டிபன் பாக்ஸிலும் கேட்கிறார்கள். நொய் கூடப் போட்ட களிதான் துண்டாக நிற்கிறது, நொய் குறைந்தால் கல்லில் உதிர்கிறது. அடுத்து கம்பு மாவில் பார்க்கவேண்டும். அத்தைக்குக் கம்பு வாசனையே ஆகாது, அதனால் அவர் குடியாத்தத்தில் மகள் வீட்டுக்குப் போகிற வாரமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.