டிரிப்பல், கவுனி அரிசி, கொஞ்சம் உப்புக்கண்டம்

ஸ்ட்ராங் பீர் என்றால் நம்ம காரைக்குடிப் பக்கம் ஒரே முறைதான். பல் கூசுகிற ஜில்லில் வாங்கி, சூடு ஏறுவதற்குள் மடமடவென்று இறக்கிவிட வேண்டும். ருசி நாக்கில் படக்கூடாது என்பதற்காகவே அந்த ஜில். சித்திரை வெயிலில் அதைக் குறை சொல்லவும் மனசு வராது. ஆனால் ஒன்பது, பத்து சதவீதம் ஆல்கஹால் போகிற, தனிப் பக்குவத்தில் காய்ச்சுகிற கிராஃப்ட் பீரை அப்படிக் குடித்தால் காசும் போச்சு, மறுநாள் காலையும் போச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ஜியத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குள்ளேயே காய்ச்சுகிற வெஸ்ட்மாலே டிரிப்பல் என்கிற வலுவான பீர் 9.5 சதவீதம். 330 மில்லி பாட்டிலில் 31 மில்லி ஆல்கஹால், அதாவது விஸ்கி என்றால் கிட்டத்தட்ட இரண்டரை ஸ்மால். ஒரு பாட்டிலை மூன்று பேர் பங்கு போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய சரக்கு அது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் கிராம்பு, ஆரஞ்சுத் தோல், மிளகு என்று வாசனை ஒவ்வொன்றாக எழும்பும். இத்தனைக்கும் அதில் கிராம்பே போடுவதில்லை, அந்த வாசனை ஈஸ்ட் செய்கிற வேலை. சர்க்கரை போடுகிறார்கள், அது உண்மை. சர்க்கரை சேர்த்தாலே மட்டமான பீர் என்று பேசுகிற நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது சிங்கப்பூரில் இருக்கும் கூட்டாளியால். அங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல் சொந்தமாகக் குடிக்க, லைசென்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சலாம். இங்கே காய்ச்சினால் 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஊறல் வாடை போனாலே போதும், ஊரே கூடிவிடும். அதனால் நாங்கள் கூடுவதெல்லாம் அவன் அடுக்குமாடிச் சமையலறையில்தான்.

காய்ச்சுவது என்கிறோமே தவிர பாதி நேரம் கழுவுகிற வேலை. பாத்திரம், குழாய், பாட்டில் எல்லாம் கிருமி இல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வாரம் கழித்துப் புளித்த தண்ணீர்தான் கிடைக்கும். உடைத்த மால்ட்டை (முளைகட்டிக் காய வைத்த பார்லி) 66 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, அந்தச் சாற்றை வடித்து, கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூ போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடி வைக்க வேண்டும். ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி வாக்கில் இருந்தால்தான் நிம்மதி. நம்மைப் போன்ற வெயில்காரர்களுக்கென்றே அமைந்த மாதிரி நார்வேயில் குவைக் என்று ஒரு வகை ஈஸ்ட் இருக்கிறது, 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ப் பிரதேசத்து ஈஸ்ட்டுக்கு இப்படி ஒரு குணம்!

போன முறை போனபோது இங்கிருந்து கவுனி அரிசி கொண்டு போனேன். பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கொண்டு வந்ததாகச் சொல்லும் அரிசி, அங்கேயும் ஒரு சுற்றுச் சுற்றட்டும் என்று. இரவு ஊறப் போட்டு, குழைய வேக வைத்து மால்ட்டோடு கலந்தோம். கறுப்பாக வரும் என்று எல்லோரும் காத்திருக்க, பீரின் புளிப்பில் சாயம் மாறி இளஞ்சிவப்பாக வந்து நின்றது. கவுனி அரிசிப் பாயசம் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கும் ஏமாற்றம்தான், ஏனென்றால் அரிசி வலுவைக் கூட்டுமே ஒழிய உடம்பை, அதாவது வாயில் தெரிகிற கெட்டித்தன்மையை, கூட்டாது, உடம்பு மால்ட்டிலிருந்துதான் வர வேண்டும். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரில் ஆரம்பம் 1.080, முடிவு 1.012, அதாவது ஏறக்குறைய 9 சதவீதம் ஆல்கஹால்.

கோயில் திருவிழாவுக்கு வரும்போது அவன் அதில் இரண்டு லிட்டர் கொண்டு வந்தான் (சுங்க வரி இல்லாமல் கொண்டு வர அனுமதி அவ்வளவுதான்). மொட்டை மாடியில் பாய் விரித்து, கீழே பெரியவர்களுக்குத் தெரியாமல், உப்புக்கண்டம் பொரித்து எடுத்துப் போய் உட்கார்ந்தோம். கோழி வறுவலும் இருந்தது. இங்கே ஒரு விஷயம்: காரத்துக்குக் கசப்பான பீர் ஒத்து வராது. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ என்கிற கசப்பு பீரை வறுவலோடு குடித்தால் காரம் இரண்டு மடங்காகத் தெரியும். மால்ட் இனிப்பு நிற்கிற பீர்தான் நம் மசாலாவுக்குச் சரி, அதுவும் சுக்காவில் லேசாகக் கருகின ஓரத்துக்கு இம்பீரியல் ஸ்டவுட் என்கிற வலுவான கறுப்பு பீரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளைப் பணியாரத்தோடும் ஸ்டவுட் போகும் என்கிறான் ஒருவன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அடுத்து என்ன காய்ச்சுவது என்பதில்தான் சண்டை. கருப்பட்டி போட்டு ஸ்டவுட் என்பது என் கட்சி. அன்னாசிப்பூ போடலாம் என்கிறான் சிங்கப்பூர்க்காரன். ஒரு பூவுக்கு மேல் போட்டால் பிரியாணி வாசனைதான் வருமென்று சொல்லியாகிவிட்டது, கேட்கிற மாதிரி தெரியவில்லை.