முருங்கைப் போத்து

20 நவம்பர் 2024, தங்கச்சிமடம்
அடுப்படி வரை தண்ணீர். முருங்கை முழங்கால் ஆழத்தில் நிற்கிறது.

21 நவம்பர்
ராமேஸ்வரத்தில் 44 செ.மீ., பாம்பனில் 28 என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு பருவத்துக்குப் பெய்யவேண்டியது ஒரே நாளில் பெய்தால் மண் எங்கே வைத்துக்கொள்ளும்? அத்தைக்கு எந்த மழையையும் 1964 புயலில் கொண்டுபோய் நிறுத்தாமல் பேச வராது.

22 நவம்பர்
சிறையிலிருந்து வீட்டுக்காரர் போன் வரவில்லை.

24 நவம்பர்
வாசலில் வடிந்துவிட்டது, கொல்லையில் வடியவில்லை. முருங்கை இலை பழுத்துப் பொலபொலவென்று கொட்டுகிறது. அடிமரத்தில் நகத்தை அழுத்தினேன். ஊறிய ரொட்டி போல உள்ளே போனது. விரலை முகர்ந்தால் புளித்த நாற்றம். வீடு கட்டிய வருஷம் அவர் நட்ட மரம். கோடையில் உப்புத் தண்ணீரைக் குடித்தே காய்த்தது. நல்ல தண்ணீர் நான்கு நாள் நின்றதில் வேர் அழுகிவிட்டது. கறிவேப்பிலையும் தலை தொங்கிவிட்டது. அகத்தி மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நிற்கிறது. சுவரில் கிடக்கும் பிரண்டைக்கு யாருடைய தயவும் வேண்டாம். நாளைக்கும் துவையல்தான்.

27 நவம்பர்
அவர் வழக்கின் வாய்தா மறுபடி தள்ளிப்போனதாம். படகுக்காரர் வீட்டில் சொன்னார்கள்.
வந்த கையோடு அரிவாளை எடுத்து முருங்கையை வெட்டினேன். மேலே மரம் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. மணிக்கட்டுப் பருமனில், நாலடி நீளத்தில் மூன்று போத்து தேறின. மணலை மேடாகக் குவித்து நட்டு, தலையில் சாணி உருண்டை வைத்தேன்.

29 நவம்பர்
கிணற்று நீர் இனிக்கிறது! உப்புநீருக்கு மேல் மழைநீர் ஏடு போல மிதக்கிறது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும். வாளியால்தான் இறைக்கவேண்டும் என்று அவர் கத்துவார். வாளியால்தான் இறைக்கிறேன்.

4 டிசம்பர்
போத்தின் பட்டையைக் கீறிப் பார்த்தேன். பச்சை.

5 டிசம்பர்
இன்றும் கீறினேன். “இப்படிக் கீறிக் கீறிப் பார்த்தால் எதுதான் பிழைக்கும்?” என்றார் அத்தை. நேற்றிரவு மகன் படத்துக்கு முன்னால் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தது யாராம்?

9 டிசம்பர்
மதினி வீட்டு ஆடு ஒரு போத்தைச் சாய்த்துவிட்டது. பரண்மேல் இருந்த வலையை எடுத்து வேலி கட்டினேன். அவர் இருந்தால் தொடவிட்டிருக்க மாட்டார்.

12 டிசம்பர்
விடியற்காலையிலிருந்து மழை. மணல்மேடு கரைகிறது. சாக்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.