சட்டைப் பொத்தானைத் தடவிய விரல்கள்

என் கணவருக்கு வந்துகொண்டிருந்தது வலிப்பு என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. வலிப்பென்றால் கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி எங்கோ வெறிப்பார், வாய் எதையோ மெல்லுவதுபோல அசையும், வலக்கை விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு, "என்ன கேட்டே?" என்பார். நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று அவரிடம் கோபித்துக்கொண்டதை எழுத இன்று கூச்சமாக இருக்கிறது.

ஓர் அதிகாலை தூக்கத்திலேயே உடல் முழுவதும் விறைத்து வெட்டியபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை இயல்பாக இருந்ததால், மன அழுத்தமாக இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனை பதிவாகும் அரைமணி நேரத்தில் மூளையில் நடப்பதை மட்டுமே காட்டும் என்பதும், வலிப்பு நோய் உள்ளவர்களிலும் பலருக்கு முதல் பதிவு இயல்பாகவே வரும் என்பதும் பின்னர் நரம்பியல் மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த மருத்துவர் அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம்தான் அதிகம் கேட்டார். கண் திறந்திருந்ததா, எந்தக் கை அசைந்தது, எத்தனை நொடி நீடித்தது, தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்ற கேள்விகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை கைபேசியில் படம் பிடிக்கச் சொன்னார். கணவர் அந்த நிலையில் இருக்கும்போது படம் எடுப்பது கொடுமையாகத் தோன்றினாலும், அந்த 50 நொடிப் பதிவுதான் எங்களுக்கு வழி காட்டியது. வலக்கை பொத்தானைத் தடவ, இடக்கை முறுக்கி விறைத்திருந்ததை மருத்துவர் சுட்டியபோதுதான் பார்த்தேன். இடப்பக்கம் விறைத்தால் தொடக்கம் பெரும்பாலும் மூளையின் வலப்பக்கத்தில் இருக்கும் என்றார். வலிப்பு வருவதற்குச் சற்று முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்புமா என்று கணவரிடம் கேட்டார். எழும்பும், அதற்காகத்தான் அவர் மாதக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்! இரவு கண்விழிக்க வைத்து எடுத்த இரண்டாவது இ.இ.ஜி. மூளையில் காதை ஒட்டியுள்ள டெம்போரல் பகுதியை, அதுவும் வலப்பக்கத்தையே காட்டியது. எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை.

முதலில் கொடுத்த லெவெடிராசிடம் என்ற மாத்திரை வலிப்பைக் குறைத்தது, ஆனால் சாதுவான மனிதரை எரிந்து விழுபவராக மாற்றியது. அது மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்றும், நாங்களாக நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடரும் ஆபத்து உண்டு என்றும் விளக்கி, சில வாரங்களில் படிப்படியாகக் கார்பமசெபின் என்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு மாற்றினார் மருத்துவர். வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னதுதான் கணவருக்கு மாத்திரையைவிடக் கசந்தது.

பெரிய வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்ப்பதும், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு மாதங்களுக்குப் பின் ஒரே ஒரு முறை மீண்டும் வந்தது; வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்து இரண்டு வேளை மாத்திரை தவறிய நாள் அது. நாட்குறிப்பில் அதைக் கணவரே எழுதிவைத்திருக்கிறார். எந்தக் கை என்ற இடத்தில் மட்டும் என் கையெழுத்து.