மரத்தைத் தொடாமல் உதிரிபாகம் தேடுவது

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1974ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. கழுத்தை உடலோடு மூன்றே திருகுகளால் பிணைத்த, அகன்ற தலை கொண்ட காலத்தைச் சேர்ந்தது. என்னிடம் வந்தபோது சுருதியை அசைக்கும் விப்ரேட்டோ கைப்பிடி இல்லை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் மூன்று பிக்கப்களில் நடுவிலுள்ளது பேசவில்லை, வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். இவற்றுக்கு மாற்று தேடத் தொடங்கும்போதே ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: எந்தப் பாகத்துக்காகவும் இந்த மரத்தில் புதிதாகத் துளை போடுவதில்லை. உலோகத்தையும் கம்பியையும் என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அகட்டிய துளையை அடைக்கத்தான் முடியும், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இந்த விதியைக் காப்பாற்ற முதலில் வேண்டியது மயிரிழை வேறுபாட்டையும் அளக்கும் வெர்னியர் கேலிப்பர். பணமெல்லாம் அதற்குப் பிறகுதான். அமெரிக்கக் கிட்டார்கள் அங்குல அளவில் செய்யப்பட்டவை, ஆசியத் தொழிற்சாலைகளின் பாகங்களில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் அளவில் வருபவை. இரண்டும் பல இடங்களில் மயிரிழையில்தான் வேறுபடுகின்றன என்பதுதான் ஆபத்து. விப்ரேட்டோ கைப்பிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கைப்பிடியின் மரை 10-32 என்னும் வகை. அதன் விட்டம் 4.83 மில்லிமீட்டர், மரைகளுக்கிடையே 0.79 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் எம்5 மரையின் விட்டம் 5 மில்லிமீட்டர், இடைவெளி 0.8 மில்லிமீட்டர். எம்5 கைப்பிடியைச் செருகினால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். பொருந்துகிறது, கொஞ்சம் அழுத்தம்தான் தேவை என்று நினைத்து முறுக்கினால் உள்ளே இருக்கும் மரை சிதைந்துவிடும். 1970களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கைப்பிடி ஏறும் கட்டை எஃகு அல்ல, அச்சில் வார்த்த மென்மையான உலோகக் கலவை. ஆகவே தோற்பது எப்போதும் கிட்டாரின் பக்கம்தான். கழுத்தின் வளைவைத் திருத்தும் திருகும் அப்படியே. அதற்கு உரியது 1/8 அங்குல ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவி, அதாவது 3.18 மில்லிமீட்டர், வீட்டில் இருக்கும் 3 மில்லிமீட்டர் சாவியை நுழைத்துத் திருப்பினால் முனைகள் மழுங்கிப்போகும்.

உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வாங்குவோர் படும் பாடு தனி. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு திருகுகளின் வரிசை, முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை 2 7/32 அங்குலம், ஏறத்தாழ 56.4 மில்லிமீட்டர். இதைவிடக் குறுகிய வரிசை கொண்டவையும், இரண்டே திருகுகளில் நிற்கும் பிற்கால வகையும் படத்தில் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அளவைக் கேட்காமல் வாங்கியவர்கள் பழைய துளைகளைக் குச்சி வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைத்த கிட்டார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தலையில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனர்களிலும் இதே கதைதான்: 1950, 60களின் க்ளூசன் வகைக்கு 11/32 அங்குலத் துளை போதும், இன்றைய மூடிய வகைகளில் பல 10 மில்லிமீட்டர் கேட்கின்றன. பழைய துளைக்கே பொருந்தும்படி ஜப்பானின் கோட்டோ நிறுவனம் நல்ல ட்யூனர்களைச் செய்துவருகையில், தலையைக் குடைய வேண்டிய அவசியமே இல்லை.

வால்யூம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் பாட் என்னும் மாறு மின்தடை விலை குறைந்த பொருள். ஆனால் பழைய கிட்டாரின் பிறப்புச் சான்றில் பாதி அந்தப் பாகத்தின் முதுகில்தான் இருக்கிறது. என் கிட்டாரில் 1377410 என்று பொறித்திருக்கிறது: 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் எண், 74 ஆண்டு, 10 அந்த ஆண்டின் வாரம். கிட்டார் அந்த வாரத்துக்கு முன் முடிந்திருக்க முடியாது என்று மட்டும் இது சொல்கிறது, ஏனென்றால் பாட்கள் தொழிற்சாலையில் நெடுநாள் கிடந்ததும் உண்டு. அதனால் கரகரப்புக்கு உடனே புதியது மாட்டாமல், மின்தொடர்புகளைத் துப்புரவாக்கும் காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்பிப் பார்த்தேன், அதிலேயே சரியாயிற்று. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர், அதாவது காதுக்குச் சீராக ஒலி குறையும் வகை, என்று கேட்டு வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் லீனியர் வகை; அவற்றில் குமிழின் பெரும்பகுதியில் ஒலி அவ்வளவாகக் குறையாது, கடைசியில் சட்டென்று விழும். குமிழ் மாட்டும் தண்டில் இருக்கும் பற்களையும் எண்ணிப் பாருங்கள்: அமெரிக்கத் தண்டில் 24, மில்லிமீட்டர் தண்டில் 18. பழைய குமிழை 18 பல் தண்டில் அழுத்தினால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒலியின் கூர்மையைக் குறைக்க உதவும் பழைய கெப்பாசிட்டருக்குப் பெரும் விலை கொடுப்பதை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதே மதிப்புள்ள புதியது அதே வேலையைச் செய்யும்.

பழைய பாகம் என்று விற்கப்படுபவற்றில் அமிலத்தில் முக்கித் துருவேற்றியவையும் கலந்திருக்கின்றன. விற்பவரிடம் நான் முதலில் கேட்பது அடிப்பக்கத்தின் படம். ஐம்பது ஆண்டுத் தேய்மானம் கை படும் இடத்தில்தான் கூடுதலாக இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் துரு பிடித்திருந்தால் நான் விலகிவிடுவேன்.

பிக்கப்பை மட்டும் மாற்றுவதற்கே நான் சம்மதிக்கவில்லை. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் நல்ல பிக்கப் ஏறத்தாழ 5 முதல் 6.5 கிலோ ஓம் காட்ட வேண்டும். என்னுடையது எதையும் காட்டவில்லை, எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். ஃபெண்டர் பிக்கப்பில் தலைமயிரைவிட மெல்லிய 42 கேஜ் செப்புக் கம்பியைக் காந்தங்களின் மீதே நேரடியாகச் சுற்றியிருப்பார்கள். ஈரம் உள்ளே இறங்கினால் காந்தம் துருப்பிடித்து, அதை ஒட்டிய உட்சுற்றை அரித்துவிடும். கடற்கரை ஊர்களில் இதற்கு அதிக காலம் பிடிக்காது. வெளிமுனை அறுந்திருந்தால் ஒரு சுற்றைப் பிரித்துப் பற்றவைத்தாலே உயிர் வந்துவிடும் என்பதால், பூதக்கண்ணாடி வைத்து அதைத்தான் முதலில் பார்த்தேன். அறுந்தது உள்ளேதான். எனவே பழைய காந்தங்களையும் மேல், கீழ் தகடுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் புதிதாகச் சுற்றித் தரும் கைவினைஞர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் கேட்டதால், நல்ல நிலையில் உள்ள மற்ற இரண்டு பிக்கப்களின் மின்தடையையும் குறித்து, சுற்று எந்தத் திசையில் போகிறது என்பதற்குப் படமும் எடுத்துச் சேர்த்தேன். திசை மாறினால் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்காது.